டிஸ்னிய திட்டுறதுக்கு முன்னாடி: மப்பெட் சண்டையில மூக்கு உடையாம பேசுறது எப்படி

மப்பெட்ஸ்னா கெர்மிட்ங்கற தவளை, மிஸ் பிக்கிங்கற பன்னின்னு ஜிம் ஹென்சன் உருவாக்குன அமெரிக்க டிவி பொம்மைக் கூட்டம். அதோட ரசிகர்கள் நாலு பேர் சேர்ந்தா பத்தே நிமிஷத்துல டிஸ்னி பேச்சு வந்துரும். "டிஸ்னி வாங்குனாங்க, எல்லாம் போச்சு"ன்னு ஒருத்தர் ஆரம்பிப்பாரு, "வாங்கலேன்னா இன்னிக்கு கெர்மிட்ட யாருக்கும் ஞாபகமே இருந்திருக்காது"ன்னு இன்னொருத்தர் எகிறுவாரு, அவ்ளோதான், ராத்திரி ஒரு மணி வரைக்கும் ஓடும். நான் ரெண்டு பக்கமும் நின்னு கத்தியிருக்கேன், ரெண்டு பக்கமும் தப்பா பேசி வாங்கிக் கட்டியிருக்கேன், அந்த தகுதியில சொல்றேன்.

முதல்ல எது யாருதுன்னு தெளிவாகிக்கோங்க, பாதி சண்டை இங்கயே முடிஞ்சிரும். எல்மோ, பிக் பேர்ட், குக்கி மான்ஸ்டர் இவங்கல்லாம் டிஸ்னி கையில இல்ல, அது செசமி ஸ்ட்ரீட்ங்கற குழந்தைங்க ஷோவ எடுக்கற செசமி வொர்க்ஷாப்போட சொத்து (நம்ம ஊர் டிவில 2006ல வந்த கல்லி கல்லி சிம் சிம் சம்கியும் அந்த வீட்டுப் பொண்ணுதான்). ஃபிராகில் ராக்ங்கற டிவி ஷோ, டார்க் கிரிஸ்டல்ங்கற படம் ரெண்டும் ஹென்சன் கம்பெனிகிட்டயே இருக்கு. டிஸ்னிகிட்ட இருக்கறது கெர்மிட், மிஸ் பிக்கி, ஃபாஸி, கோன்சோ, அனிமல் அந்த கூட்டம். அதோட "மப்பெட்"ங்கற பேரும் டிஸ்னியோட ட்ரேட்மார்க், செசமி ஆளுங்களே லைசென்ஸ்லதான் அந்த வார்த்தைய பயன்படுத்துறாங்க. அதனால எவராவது "எல்மோவ டிஸ்னி கெடுத்துட்டாங்க"ன்னா கோபப்படாதீங்க, இத மட்டும் சொல்லிட்டு டீ குடிக்க போயிருங்க.

அடுத்து வருஷக் கணக்கு. இது தெரியாம பேசினா கண்டிப்பா மாட்டுவீங்க, ஏன்னா எதிர்ல இருக்கறவர் கேக்குற முதல் கேள்வியே "ஜிம் ஹென்சன் உயிரோட இருந்தா விட்டிருப்பாரா?"ன்னுதான் இருக்கும். நீங்க உணர்ச்சிவசப்பட்டு "விட்டிருக்கவே மாட்டாரு"ன்னு சொன்னீங்கன்னா காலி. விக்க கெளம்புனதே அவர்தான்! 1989 ஆகஸ்ட்ல டிஸ்னிக்கு விக்கப்போறதா அவரே அறிவிச்சாரு, அப்ப பேசுன தொகை 15 கோடி டாலர் பக்கம். பிசினஸ் தலவலிய இன்னொருத்தர் தலையில வச்சிட்டு தான் பொம்மை வேலைய மட்டும் பாக்கணும்னு ஆசை அவருக்கு. ஆனா செசமி ஸ்ட்ரீட் கேரக்டர்கள மட்டும் அந்த டீல்ல சேக்க முடியாதுன்னு கறாரா நின்னாரு, இந்த ஒரு விஷயத்த ரெண்டு பக்க ரசிகர்களும் வசதியா மறந்துருவாங்க. 1990 மே 16ல 53 வயசுல திடீர்னு இறந்துட்டாரு, அந்த வருஷ கடைசிக்குள்ள டீலும் கவுந்திருச்சு, 1991ல குடும்பம் டிஸ்னி மேல கேஸே போட்டு அப்புறம் சமாதானம் ஆனாங்க.

அதுக்கப்புறம் நடந்ததுதான் பெரிய கூத்து. 2000ல ஹென்சனோட பிள்ளைங்க மொத்த கம்பெனியையும் இஎம் டிவின்னு ஒரு ஜெர்மன் கம்பெனிக்கு வித்தாங்க, சுமார் 68 கோடி டாலர். கொஞ்ச நாள்லயே அந்த கம்பெனி ஷேர் படுத்துருச்சு, 2003ல அதே பிள்ளைங்க 8.4 கோடிக்கு திருப்பி வாங்குனாங்க. (68க்கு வித்து 8க்கு வாங்குனாங்கன்னு மொட்டையா சொல்லாதீங்க, நடுவுல செசமி பொம்மைகள இஎம் டிவி தனியா செசமி வொர்க்ஷாப்புக்கு வித்துருச்சு, நான் இத விட்டுட்டு பேசி ஒரு தடவ நல்லா அவமானப்பட்டேன்.) 2004 பிப்ரவரியில மப்பெட்ஸ் டிஸ்னிக்கு போச்சு. ஆக, குடும்பத்துகிட்டேர்ந்து யாரும் புடுங்கல.

சரி, டிஸ்னி மேல குறையே இல்லையான்னா, இருக்கு, தாராளமா இருக்கு, ஆனா உருப்படியான குறையா எடுத்து வைங்க. "ஆன்மா போயிருச்சு"ன்னு சொன்னா எவனும் அசைய மாட்டான். மப்பெட் ஷோ 1976லேருந்து 1981 வரைக்கும் அஞ்சு சீசன், 120 எபிசோட். டிஸ்னி டிவிடில மூணு சீசன் போட்டாங்க, மூணாவது வந்தது 2008ல, நாலும் அஞ்சும் வரவே இல்ல. 2021ல டிஸ்னி ப்ளஸ்ல அஞ்சு சீசனையும் ஏத்துனாங்க, அதுலயும் சில எபிசோட் காணோம், சில பாட்டு கட். புதுசா எடுத்ததப் பாருங்க, 2011 படம் நல்லா போச்சு, 2014ல அடுத்த படம் அந்தளவுக்கு போகல, 2015ல ஏபிசி சேனல்ல வந்த சீரியல 16 எபிசோட்ல மூடிட்டாங்க, 2020ல ஒண்ணு, 2023ல மப்பெட்ஸ் மேஹெம் ஒண்ணு, ரெண்டுமே ஒரே சீசன். ஒவ்வொரு தடவையும் புது டீம், புது ஐடியா, செடி வேர் புடிக்கறதுக்குள்ள புடுங்கி வேற தொட்டியில வைக்கற மாதிரி. இதான் என்னோட உண்மையான கோபம். வாங்குனது தப்பில்லங்க, வாங்கி வச்சுட்டு பொறுமையா வளக்காததுதான் தப்பு.

ஆனா இதுக்கும் எதிர்வாதம் ஒண்ணு வரும், தயாரா இருங்க. டார்க் கிரிஸ்டல் ஹென்சன் கம்பெனியோடதுதானே, 2019ல நெட்ஃபிளிக்ஸ்ல அவ்ளோ அழகா ஒரு சீரியல் எடுத்து எம்மி விருதும் வாங்குச்சு, அதுவும் ஒரே சீசனோட நின்னுச்சு. பொம்மைய வச்சு எடுக்கறது செலவு புடிச்ச வேலை, டிஸ்னி இல்லேன்னா மட்டும் பணம் வானத்துலேருந்து கொட்டாது. இதுக்கு என்கிட்ட முழுசா பதில் இல்ல, ஒத்துக்கறேன்.

கெர்மிட் குரல் மேட்டர் தனி. இங்க நிதானமா பேசுங்க, ஏன்னா இதுல நெஜமான மனுஷங்க இருக்காங்க. ஹென்சனுக்கு அப்புறம் ஸ்டீவ் விட்மயர் கெர்மிட்ட பண்ணாரு, 2016ல டிஸ்னி அவர நீக்குனாங்க, விஷயம் 2017ல வெளிய வந்துச்சு, இப்ப மாட் வோகல் பண்றாரு. டிஸ்னி அவர் வேலை செய்யுற விதம் சரியில்லன்னாங்க, அவரோ கேரக்டர் கெட்டுடக் கூடாதுன்னுதான் வாதாடுனேன்னாரு, ஹென்சனோட பிள்ளைங்க பிரையனும் ஷெரிலும் டிஸ்னி முடிவ வெளிப்படையாவே ஆதரிச்சாங்க. உள்ள என்ன நடந்துச்சுன்னு தெரியாத நாம தீர்ப்பு எழுதாம இருக்கறது நல்லது. வோகல் குரல் பிடிக்கலேன்னா பிடிக்கலன்னு சொல்லுங்க, அது ரசனை, அத டிஸ்னி எதிர்ப்பு கணக்குல எழுதாதீங்க.

எல்லாத்தையும் விட சூடான டாபிக் மப்பெட்விஷன் 3டி, அதாவது டிஸ்னி பார்க்ல ஓடுன 3டி மப்பெட் ஷோ. ஹென்சன் கடைசியா பண்ண வேலைகள்ல ஒண்ணு, அவர் இறந்து சரியா ஒரு வருஷம் கழிச்சு 1991 மே 16ல ஃபுளோரிடா டிஸ்னி பார்க்ல திறந்தாங்க, 2025 ஜூன்ல மூடிட்டாங்க, மான்ஸ்டர்ஸ் இன்க் ஏரியா வருதாம். அதே பார்க்ல இருக்கற ராக் அண்ட் ரோலர் கோஸ்டர்ங்கற ரைடுக்கு மப்பெட் வேஷம் போடுறோம்னு ஈடா அறிவிச்சாங்க. "அதான் வேற குடுத்தாங்கல்ல"ன்னு எவராவது சொன்னா என்ன பதில் சொல்றதுன்னு கேக்காதீங்க, இந்த ஒரு இடத்துல மட்டும் நானும் கைடு எல்லாத்தையும் மறந்துட்டு கத்த ஆரம்பிச்சுருவேன்.