பழைய விமான நகலுக்கு மாற்று எஞ்சின்: தேர்வும் பொருத்தலும்

சாப்வித் கேமல் போன்ற முதல் உலகப் போர் விமானத்தின் நகலைக் கட்டுபவர்கள் எஞ்சின் தேடும்போது முதலில் பார்ப்பது குதிரைத்திறனை. 130 குதிரைத்திறன் கிளெர்ஜே ரோட்டரி (சிலிண்டர்களும் ப்ரொப்பெல்லரோடு சேர்ந்து சுழலும் எஞ்சின்) இருந்த இடத்தில் 150 குதிரைத்திறன் லைகோமிங் ஓ-320 தாராளமாகப் போதும் என்று தோன்றும். போதாது. கணக்கை ப்ரொப்பெல்லரிலிருந்து தொடங்குங்கள்.

கிளெர்ஜே நிமிடத்துக்குச் சுமார் 1,250 சுற்றுதான் சுற்றும். அதனால் 2.6 மீட்டர் ப்ரொப்பெல்லரை மாட்ட முடிந்தது. இலை முனையின் வேகம் விநாடிக்கு 170 மீட்டர். அதே ப்ரொப்பெல்லரை லைகோமிங்கின் 2,700 சுற்றில் ஓட்டினால் முனை 367 மீட்டரைத் தொட்டு ஒலியின் வேகத்தையே தாண்டிவிடும். சத்தம் காதைப் பிளக்கும், இழுவிசை சரியும். ஆகவே விட்டத்தை 1.9 மீட்டருக்குக் குறைக்க வேண்டிவரும். இனி முன்னாலுள்ள வட்டமான கவுலிங்கை, அதாவது எஞ்சினை மூடும் உறையை, பாருங்கள். அதன் விட்டம் 1 மீட்டர் என்றால், பழைய ப்ரொப்பெல்லர் வட்டத்தில் 15 சதவீதத்தை மறைத்தது, புதியதில் 28 சதவீதத்தை மறைக்கும். கூடுதல் குதிரைத்திறன் இருந்தும் விமானம் ஓடுபாதையில் திணறுவது இதனால்தான்.

மெதுவாகச் சுற்றும் ரேடியல் (அசையாத சிலிண்டர்கள் அச்சைச் சுற்றி நட்சத்திரம்போல் நிற்கும் எஞ்சின்) கிடைத்தால் அதையே எடுங்கள். வார்னர் சூப்பர் ஸ்கேரப் 2,050 சுற்றிலேயே 145 குதிரைத்திறன் தரும். ஆனால் உதிரிபாகம் கிடைப்பது அரிது. 110 குதிரைத்திறன் ரோட்டெக் ஆர்2800-இல் 3:2 கியர் குறைப்பு இருப்பதால் பெரிய ப்ரொப்பெல்லர் மாட்டலாம். கான்டினென்டல் ஓ-200 சிறிய அளவு நகல்களுக்கே ஏற்றது.

அடுத்தது எடை. பட்டியலில் போட்டிருக்கும் வெற்று எடையை நம்பாதீர்கள். கார்பரேட்டர், புகைக்குழாய், ஸ்டார்ட்டர், ஆயில், ப்ரொப்பெல்லர் எல்லாவற்றையும் சேர்த்துத் தராசில் நிறுத்துங்கள். உதாரணமாக, பழைய தொகுதி 160 கிலோ, ஈர்ப்பு மையத்துக்கு 0.9 மீட்டர் முன்னால் இருந்தது என்றால் திருப்புமை (எடையைத் தூரத்தால் பெருக்கியது) 144. புதியது 120 கிலோ என்றால் அதை 1.2 மீட்டர் முன்னால் வைக்க வேண்டும், அதாவது 30 செ.மீ. தள்ளி. மூக்கு அவ்வளவு நீண்டால் தோற்றம் கெடுவது ஒருபுறம். சிறிய வால் சுக்கானால் விமானத்தை நேராகப் பிடிக்க முடியாமல் போவது அதைவிட மோசம். பாதித் தூரத்தை மட்டும் நீட்டி, மீதியை பேட்டரியையும் ஆயில் டேங்கையும் முன்னுக்குக் கொண்டுவந்து ஈடுகட்டுங்கள். ஈயக்கட்டி கடைசி வழி.

மவுன்ட்டுக்கு, அதாவது எஞ்சினை விமான உடலோடு பிணைக்கும் சட்டத்துக்கு, 4130 குரோமோலி எஃகுக் குழாய். இந்த அளவு எஞ்சின்களுக்கு 19 மி.மீ. விட்டம், 1.25 மி.மீ. சுவர் வழக்கம், ஆனாலும் விசைக் கணக்கு போட்ட பிறகே வெட்டுங்கள். 150 குதிரைத்திறன், 2,700 சுற்றில் சராசரி முறுக்குவிசை சுமார் 395 நியூட்டன் மீட்டர். நான்கு சிலிண்டர் எஞ்சின் விட்டுவிட்டு உதைப்பதால் அதை 2-ஆல் பெருக்க வேண்டும். ஐந்தும் அதற்கு மேலும் என்றால் 1.33 போதும். ஒவ்வொரு கட்டமும் முக்கோணமாக அமையட்டும். ப்ரொப்பெல்லர் அச்சு பழைய உயரத்திலேயே இருக்கட்டும். மாறினால் த்ராட்டில் கொடுக்கும்போதெல்லாம் மூக்கு ஏறும் அல்லது இறங்கும்.

வெல்டிங்கின்போது காலி கிரான்க்கேஸ் (எஞ்சினின் உடற்கூடு) ஒன்றை ஜிக்கில், அதாவது பாகங்களை அசையாமல் பிடிக்கும் சட்டத்தில், மாட்டி, எல்லா மூட்டுகளையும் முதலில் சிறு பொட்டு வெல்டால் பிடித்து வையுங்கள். பிறகு எதிரெதிர் மூட்டுகளாக மாற்றி மாற்றி முடியுங்கள். காற்று வீசாத இடத்தில் தானாக ஆறட்டும். தண்ணீர் பட்டால் இந்த எஃகு இறுகி விரிசல் விடும். வெளிர் நிறப் பெயின்ட் அடித்தால் பின்னாளில் வரும் விரிசல் பளிச்சென்று தெரியும்.

எஞ்சின் ரப்பர் புஷ்களின் மேல் உட்கார்ந்திருப்பதால் அதற்கும் மவுன்ட்டுக்கும் இடையே மின்தொடர்பு கிடையாது. தடித்த செப்புப் பின்னல் பட்டை ஒன்றை மறக்காமல் கட்டுங்கள். இல்லாவிட்டால் ஸ்டார்ட்டர் மின்சாரம் முழுதும் த்ராட்டில் கேபிள் வழியாகப் பாய்ந்து அதைச் சூடேற்றிப் பற்றவைத்துவிடும்.

ரோட்டரியின் சிலிண்டர்கள் தாமே சுழன்று குளிர்ந்தன, நிலையான எஞ்சினுக்கு அந்த வசதி இல்லை. தகட்டுத் தடுப்புகளால் காற்றைச் சிலிண்டரின் குளிர்விப்புத் துடுப்புகளுக்குள் திருப்புங்கள். காற்று வெளியேறும் வாய், நுழையும் வாயைவிட 1.3 முதல் 1.5 மடங்கு பெரிதாக இருக்கட்டும். ஒவ்வொரு சிலிண்டர் தலையிலும் வெப்பமானி வேண்டும்; ஒன்று மட்டும் கொதித்தால் சராசரி காட்டிக்கொடுக்காது.

பெட்ரோல் ஈர்ப்புவிசையால் வருகிறது என்றால், மூக்கை ஏறும் கோணத்துக்குத் தூக்கி, டேங்க்கில் குறைந்த அளவு மட்டும் வைத்து, கார்பரேட்டர் முனையில் பிடித்து அளந்து பாருங்கள். முழுத்திறன் செலவு மணிக்கு 40 லிட்டர் என்றால் 150 சதவீதம், அதாவது நிமிடத்துக்கு 1 லிட்டர் வர வேண்டும்.

ரேடியலை ஓட்டுமுன் மாக்னெட்டோவை (ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் கருவி) அணைத்துவிட்டு ப்ரொப்பெல்லரைக் கையால் சுற்றிப் பாருங்கள். கீழ்ச் சிலிண்டரில் ஆயில் தேங்கியிருந்தால் முட்டும். பலம் கொடுக்காதீர்கள், பின்னோக்கியும் சுற்றாதீர்கள். கீழ் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வடியுங்கள். ஓடத் தொடங்கி 30 விநாடிக்குள் ஆயில் அழுத்தம் காட்டாவிட்டால் நிறுத்துங்கள்.

முதல் ஓட்டம் முடிந்ததும் மர ப்ரொப்பெல்லரின் போல்ட்களை மறுபடி இறுக்குங்கள், மரம் அமுங்கியிருக்கும். கழற்றும்போது ஹப்பின் (ப்ரொப்பெல்லரின் நடுப்பகுதி) முகத்தில் காப்பித்தூள் நிறத்தில் கருகிய பொடி ஒட்டியிருந்தால் ப்ரொப்பெல்லர் நழுவி உராய்ந்திருக்கிறது. அதை மறுபடி மாட்டாதீர்கள்.