ஹைட்ரேஞ்சியா வளர்க்கலாம் வாங்க: கட்டிங்ல இருந்து நீலப்பூ வரைக்கும்

ஊட்டி, கொடைக்கானல் பக்கம் வேலியோரமா பந்து பந்தா நீலமா பூத்திருக்குமே, அதான் ஹைட்ரேஞ்சியா. சொந்த ஊர் ஜப்பான். அங்க ஜூன்ல மழை பிடிச்சதும் பூக்கும், காமகுராவுல மெய்கெட்சுஇன் கோயில்ல இத பாக்கவே கூட்டம் அலைமோதும்.

முதல்ல இடம். காலை வெயில் படணும், மத்தியானம் நிழல் வேணும். மொட்டு உருவாக ராத்திரி 18 டிகிரிக்கு கீழ சில வாரம் இருக்கணும், அதனால சென்னை, மதுரைல பூவோட வாங்கினா அந்த பூ முடிஞ்சதும் திரும்ப பூக்கிறது கஷ்டம், மலைப்பக்கம் இருக்கறவங்க தைரியமா இறங்கலாம். இலை, மொட்டு எல்லாமே விஷம், ஆடு நாய் கடிக்காம பாத்துக்கோங்க.

அடுத்து கட்டிங், அதாவது கிளைய வெட்டி நட்டு புதுச் செடி ஆக்கறது. பூக்காத பச்சைக் கிளையா பாத்து 5 இன்ச்க்கு, கணுவுக்கு கொஞ்சம் கீழ வெட்டுங்க. கீழ் இலைய எடுத்துட்டு மேல இருக்கற பெரிய இலைய பாதியா கத்தரிச்சிடுங்க, இல்லன்னா வேர் வர்றதுக்குள்ள இலை வழியா தண்ணி போயி குச்சி வாடிடும். கோகோபீட்டும் (தேங்காய் நார்த்தூள்) மணலும் சரிபாதி கலந்து, ஒரு கணுவாவது உள்ள போற மாதிரி நட்டு, பிளாஸ்டிக் கவர் மூடி நிழல்ல வைங்க. 3-4 வாரம் கழிச்சு லேசா இழுத்து பாருங்க, பிடிச்சிக்கிட்டு வராம நின்னா வேர் விட்டாச்சு.

தண்ணி விஷயத்துல பதறாதீங்க. உச்சி வெயில்ல இலையெல்லாம் தொங்கிடும். விரல விட்டு மண்ண பாருங்க, ஈரமா இருந்தா தண்ணி ஊத்த வேணாம், சாயங்காலம் தானா நிமிரும். தண்ணி தேங்கினா வேர் அழுகிடும்.

இப்ப கலர். மண்ணு புளிப்பா, அதாவது பிஎச் (புளிப்ப காட்டுற எண், குறைய குறைய புளிப்பு கூடும்) 5.5-க்கு கீழ இருந்தா மண்ணுல இருக்கற அலுமினியத்த வேர் உறிஞ்சும், பூ நீலமாகும், 6.5-க்கு மேல போனா பிங்க். நீலம் வேணும்னா ஒரு லிட்டர் தண்ணில அரை டீஸ்பூன் படிகாரம் கரைச்சு, ஏற்கனவே ஈரமா இருக்கற மண்ணுல ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஊத்துங்க, மொட்டு வர்றதுக்கு முன்னாடியே ஆரம்பிக்கணும். எலும்புத்தூள் மட்டும் போடாதீங்க, அதுல இருக்கற பாஸ்பரஸ் அலுமினியத்த பிடிச்சு வச்சுக்கும். வெள்ளை ரகம் என்ன பண்ணாலும் நீலமாகாது.

கடைசியா கவாத்து, இதுதான் ரொம்ப முக்கியம். பூ காஞ்ச உடனே, அதுக்கு கீழ பருத்து நிக்கிற ஜோடி மொட்டுக்கு மேல வெட்டிடுங்க. டிசம்பர், ஜனவரில செடி அசிங்கமா இருக்குன்னு மொட்டையடிச்சா அடுத்த பூவே வராது, ஏன்னா போன சீசன்ல வளர்ந்த கிளையிலதான் இது மொட்டு வைக்கும்.