தகரக் கூரைக்கு எந்த நுரை?

வேளச்சேரியில் எங்கள் மொட்டை மாடி அறைக்குத் தகரக் கூரை. மே மாதத்தில் உள்ளேயே வடாம் காய்ந்துவிடும். வெப்பத்தைத் தடுக்க, விலை குறைவென்று, கூரையின் அடியில் ஓபன் செல் (நுண்ணறைகள் திறந்திருக்கும்) பாலியூரிதேன் நுரையைத் தெளிக்கவைத்தேன். ஐப்பசி மழையில் திருகு ஓட்டைகள் வழியே கசிந்த நீரை அது பஞ்சுபோலக் குடித்துவைத்திருந்தது. விரலால் அழுத்தினால் சொட்டியது.

எல்லாவற்றையும் சுரண்டி, ஓட்டைகளை அடைத்து, குளோஸ்டு செல் (நுண்ணறைகள் மூடியிருக்கும்) நுரையை 2 அங்குலம் போட்டோம். கன மீட்டருக்குச் சுமார் 30 கிலோ அடர்த்தி. முன்னதைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு. நீர் எளிதில் புகாது, அதே தடிமனில் வெப்பத்தையும் கூடுதலாகத் தடுக்கிறது. மழைச் சத்தத்தை அடக்க மட்டும் பழையதே தேவலை. நுரை தீப்பற்றும் என்பதால் கீழே ஜிப்சம் பலகை பொருத்தினோம். அந்தச் செலவை, நுரை தெளித்தவர் கடைசிவரை வாய் திறந்து சொல்லவில்லை!