இன்று ஓய்வு வேண்டுமா? காலையில் நாடித்துடிப்பை எண்ணிப் பாருங்கள்

ஜிம்மில் புதிதாகச் சேர்ந்தவர்கள் பலர், ஒரு நாள் விட்டால்கூட எல்லாம் போச்சு என்று தினமும் ஓடுகிறார்கள். கால் பயிற்சி செய்த மறுநாள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் படி இறங்குவோமே, அந்த வலி 24 முதல் 72 மணி நேரத்துக்குள்தான் உச்சத்துக்குப் போகும், அதனால் இரண்டாம் நாள் கூடினால் பயப்பட வேண்டாம். எடை தூக்கும்போது தசை நார்கள் லேசாகச் சேதமாகின்றன, அதைச் சரிசெய்து பலமாக்கும் வேலை ஓய்வில்தான் நடக்கிறது. அதே தசைக்கு மறுபடி வேலை கொடுக்க 48 மணி நேரமாவது விடுங்கள்.

சரி, உடம்பு தேறிவிட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? காலையில் கண் விழித்ததும், படுத்தபடியே, காபிக்கு முன்னால், மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக இரண்டு விரல் வைத்து 60 விநாடி எண்ணி காலண்டரில் குறித்துக்கொண்டே வாருங்கள். ஒரு வாரத்தில் உங்கள் வழக்கமான எண் தெரிந்துவிடும். வழக்கமாக 64 வருபவருக்கு இரண்டு மூன்று நாள் தொடர்ந்து 72, 74 என்று வந்தால் (தூக்கம் கெட்டாலும், காய்ச்சல் வரப்போகும்போதும் இப்படி ஏறும்) அன்று எடை வேண்டாம், மெதுவாக நடந்தால் போதும். இரவில் 7 மணி நேரத் தூக்கத்தை மட்டும் எதற்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அப்புறம் ஒன்று, கடும் பயிற்சிக்குப் பிறகு சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனாலோ, தசை வீங்கி வலி தாங்க முடியாமல் போனாலோ ஓய்வெடுத்துப் பார்க்கலாம் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.