வரி மட்டும் 0 என்று வந்த கதை

தெரிந்தவர் கடைக்கு பிஎச்பி என்ற நிரல் மொழியில் பில் போடும் பக்கம் ஒன்று எழுதிக் கொடுத்தேன். 500 ரூபாய் பொருளுக்கு 18 சதவீத வரி, 90 ரூபாய் வர வேண்டும். திரையில் 0. வரி விகிதத்தை ஃபைலின் தொடக்கத்திலேயே ஒரு வேரியபிளில், அதாவது மதிப்பைப் பெயரிட்டு வைக்கும் இடத்தில், வைத்திருந்தேன், எழுத்துப்பிழையும் இல்லை. வரியைக் கணக்கிடும் வேலையைத் தனி ஃபங்ஷனாக, பெயரிட்ட ஒரு கோட் துண்டாக, எழுதியிருந்தேன். அரை நாள் போச்சு.

கடைசியில் ஃபங்ஷனுக்குள்ளே, வேரியபிளில் என்ன இருக்கிறது என்று காட்டும் வார்_டம்ப் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன்: நல், அதாவது மதிப்பே இல்லை. அப்போதுதான் உறைத்தது. ஜாவாஸ்கிரிப்டில் வெளியே இருக்கும் வேரியபிள் ஃபங்ஷனுக்குள் தானாகவே தெரியும். அந்தப் பழக்கத்தில் எழுதிவிட்டேன். பிஎச்பியில் தெரியாது, இல்லாத வேரியபிளை நல் என்று எடுத்துக்கொண்டு, பெருக்கினால் 0 தந்துவிடும். பிஎச்பி 8 இதற்கு வார்னிங் கொடுக்கும்தான். ஆனால் சர்வரில் பிழைச்செய்தி காட்டுவதை அணைத்து வைத்த புண்ணியவான் நானேதான்.

ஃபங்ஷனுக்குள்ளே, வெளி வேரியபிளை எடுத்துக்கொள்ளச் சொல்லும் குளோபல் என்ற ஒரு கோட் வரியைச் சேர்த்தாலே ஓடும். எனக்கு அது பிடிக்காது. மதிப்பு எங்கே மாறியது என்று பிறகு தேடி அலைய வேண்டும். விலை, விகிதம் இரண்டையும் பாராமீட்டராக, அதாவது ஃபங்ஷனுக்குக் கொடுக்கும் மதிப்பாக, அனுப்பினேன், விகிதம் தராவிட்டால் டிஃபால்ட்டாக 18. சரி, 90 வந்தது. அப்புறம் விடையைத் திரையில் காட்டும் எக்கோவை எடுத்துவிட்டு, அதைத் திருப்பித் தரும் ரிட்டர்ன் போட்டேன், மொத்தத்தோடு கூட்ட வேண்டுமே.