தாஹோ செய்யும் முன் மறக்க வேண்டிய பழக்கங்கள்

மணிலாவில் காலை வேளையில் தெருமுனையிலிருந்து "தாஹோ…ஓ…ஓ" என்று ஒரு குரல் நீண்டு வரும். தோளில் ஒரு கழி, அதன் இரு முனையிலும் அலுமினிய வாளிகள். பெரிய வாளியில் சூடு ஆறாத மென்மையான டோஃபு, அதாவது உறையவைத்த சோயா பால். சின்ன வாளியில் அர்னிபால் என்னும் சர்க்கரைப் பாகும் சாகோ என்னும் ஜவ்வரிசி முத்துகளும். வீட்டில் இருப்பவர்கள் ஆளுக்கொரு குவளையோடு வாசலுக்கு வருவார்கள். விற்பவரை மக்தாதாஹோ என்பார்கள். அவர் அகன்ற தட்டைக் கரண்டியால் டோஃபுவின் மேல் தேங்கிய நீரை வழித்து ஓரமாக வீசுவார். பிறகு ஏடு எடுப்பதுபோல மெல்லிய அடுக்குகளாகச் சீவிக் குவளையில் இடுவார், பாகு ஊற்றுவார், முத்துகளைப் போடுவார். அரை நிமிடத்தில் வேலை முடிந்துவிடும்.

அந்த அரை நிமிடத்தைப் பார்த்துத்தான் "இதென்ன பெரிய வித்தை" என்று நினைத்தேன். வீட்டில் செய்தபோது முதல் பாத்திரம் திரிந்த பாலாக நின்றது. இரண்டாவது ரப்பர் போல இறுகியது. மூன்றாவதில் டோஃபு ஒருவழியாக வந்தது, ஜவ்வரிசி கஞ்சியாகிவிட்டது. பிறகு யோசித்தபோது ஒன்று புரிந்தது: பனீரும் பாயசமும் அதிரசமும் செய்து பழகிய கை, தாஹோவையும் அதே வழிக்கு இழுத்திருக்கிறது.

தாஹோ சீனர்களோடு பிலிப்பைன்ஸுக்குப் போன பண்டம். ஹொக்கியன் பேச்சில் இதன் பெயர் தாவ் ஹுவே. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கும் தமிழர்களுக்கு இந்தப் பெயர் பழக்கமானதுதான். பாகுக்கான அர்னிபால் என்ற சொல்லோ ஸ்பானிய மொழியின் 'அல்மீபார்' என்பதிலிருந்து வந்தது. மூன்று பொருள்தான். மூன்றையும் தனித்தனியாகக் கெடுக்க முடியும்.

முதலில், கடையில் டோஃபு வாங்கிச் செய்ய நினைப்பவர்களுக்கு. சமைப்பதற்கென்று விற்கும் கெட்டி டோஃபுவைப் பிலிப்பைன்ஸில் தோக்வா என்பார்கள். அதைப் பொரித்து வினிகரில் தோய்த்துச் சாப்பிடுவார்கள். அதை வாங்கிவந்து பாகு ஊற்றினால் இனிப்புப் பனீர்தான் கிடைக்கும். பட்டுப்போல் மென்மையானது என்று உறையில் எழுதியிருக்கும் டோஃபுதான் வேண்டும். அதையும் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிடக் கூடாது. இட்லிப் பானையில் பத்து நிமிடம் ஆவியில் வைத்தால் போதும். அவசரத்துக்கு இந்த வழி மோசமில்லை. ஆனால் புதிதாக உறைந்த டோஃபுவின் வாசம் அதில் இராது.

இனிச் சோயா பால். டப்பாவில் வரும் பாலில் செய்யலாமா என்று பலரும் கேட்கிறார்கள். சோயாவும் தண்ணீரும் தவிர வேறு எதுவும் சேராத, கெட்டியான பால் கிடைத்தால் செய்யலாம். குடிப்பதற்கென்று சர்க்கரையும் மணமும் சேர்த்து நீர்க்க வைத்த பாலில் புரதம் குறைவு. அது உறையாமல் சதி செய்யும். ஆகவே நாமே அரைப்பதுதான் நல்லது. 200 கிராம் சோயா பீன்ஸுக்கு மொத்தம் ஒன்றரை லிட்டர் தண்ணீருக்கு மேல் போக வேண்டாம். எட்டு மணி நேரமாவது ஊற வேண்டும். வெயில் காலமானால் ஃபிரிட்ஜில் வைத்து இரவு முழுக்க ஊறவிடுங்கள், இல்லையென்றால் புளித்துவிடும். ஊறியதா என்று பார்க்க ஒரு பருப்பைப் பிளந்து பாருங்கள். உள்பக்கம் சமமாக இருந்தால் சரி. நடுவில் குழி விழுந்து மஞ்சளாகத் தெரிந்தால் இன்னும் ஊற வேண்டும்.

அரைத்து, இரண்டு மடிப்புத் துணியில் வடிகட்டி, அடுப்பில் ஏற்றும்போதுதான் முதல் பெரிய ஏமாற்று நடக்கும். பால் முழுச் சூடு ஏறும் முன்பே, சுமார் 80 டிகிரியிலேயே, நுரை குபுகுபுவென்று பொங்கி எழும். மாட்டுப்பால் பழக்கத்தில் நாம் "கொதித்துவிட்டது" என்று அடுப்பை அணைத்துவிடுவோம். அது கொதி அல்ல; சோயாவில் இருக்கும் சபோனின்கள் செய்யும் நுரை. பச்சைச் சோயாவில் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்கள் இருக்கின்றன. அரைகுறையாகக் காய்ச்சிய பாலைக் குடித்தால் வயிற்றைப் பிரட்டும், வாந்திகூட வரும். எனவே நுரையை வழித்துவிட்டு, தீயைக் குறைத்து, உண்மையாகக் கொதி வந்த பிறகு மேலும் பத்து நிமிடம் காய்ச்சுங்கள். அந்த நேரம் முழுவதும் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும், ஏனென்றால் அடி சீக்கிரம் பிடிக்கும். பிடித்துவிட்டால் பதறிச் சுரண்டாதீர்கள். அந்த ஒரு சுரண்டலில் தீய்ந்த நாற்றம் மொத்தப் பாலிலும் ஏறிவிடும். அடியை அப்படியே விட்டுவிட்டு மேலிருக்கும் பாலை வேறு பாத்திரத்துக்கு மாற்றினால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

அடுத்து உறைய வைப்பது. அதிகம் பேர் தோற்கும் இடம் இதுதான், நானும் இங்கேதான் தோற்றேன். பால் என்றதும் கை எலுமிச்சம்பழத்தைத் தேடுகிறது. எலுமிச்சையோ வினிகரோ விழுந்த நொடியே பால் திரிந்து கட்டி தனி, நீர் தனி என்று பிரியும். பனீருக்கு அதுதான் வேண்டும். தாஹோவுக்கு வேண்டியதோ நீரைப் பிரியவிடாமல் பால் முழுவதும் ஒரே உடலாக உறைவது. அதற்கு மெதுவாக வேலை செய்யும் பொருள் வேண்டும். வழக்கமாகப் பயன்படுபவை இரண்டு: ஜிப்சம் என்னும் கால்சியம் சல்பேட், ஜிடிஎல் என்று சுருக்கமாகச் சொல்லும் குளுக்கோனோ டெல்டா லாக்டோன். ஜிப்சம் தண்ணீரில் லேசில் கரையாது, அதனால் நிதானமாக உறைய வைக்கும். ஜிடிஎல் சூடான பாலில் கொஞ்சம் கொஞ்சமாக அமிலமாக மாறும், அதனால் பால் எல்லாப் பக்கமும் ஒன்றுபோல் உறையும். நிகாரி என்று விற்கும் மக்னீசியம் குளோரைடு வேகக்காரன். கெட்டி டோஃபுவுக்கு அருமை, இதற்கு ஆகாது. ஜிப்சம் வாங்கும்போது உணவுத் தரம் என்று எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள். சிலை வார்க்கவும் சுவருக்குப் பூசவும் விற்பதைச் சமையலறைக்குள்ளேயே கொண்டுவராதீர்கள்.

அளவு சொல்கிறேன். ஒரு லிட்டர் கெட்டிப் பாலுக்கு ஜிடிஎல் என்றால் இரண்டரை முதல் மூன்று கிராம். கூடினால் புளிக்கும். ஜிப்சம் என்றால் தட்டையாக ஒரு தேக்கரண்டி, கூடவே ஒரு மேசைக்கரண்டி சோள மாவு. சோள மாவு ஜிப்சத்தை அடியில் படியவிடாது, டோஃபுவில் நீரையும் பிடித்துவைக்கும். ஜிப்சம் கூடினால் நாக்கில் சுண்ணாம்புத் தூள் போல நறநறக்கும்.

இப்போது செய்முறை. எந்தப் பாத்திரத்தில் உறைய வேண்டுமோ அதில் இந்தப் பொடியை நாலு கரண்டித் தண்ணீரில் கரையுங்கள். ஜிடிஎல் என்றால் ஊற்றுவதற்குச் சற்று முன்னர்தான் கரைக்க வேண்டும்; முன்கூட்டியே கரைத்தால் தண்ணீரிலேயே அமிலமாக மாறிவிடும், அந்த நிதானம் போய்விடும். பால் 85 டிகிரி அளவில் இருக்கட்டும். வெப்பமானி இல்லையென்றால் அடுப்பை அணைத்து நான்கைந்து நிமிடம் பொறுங்கள், மேலே படியும் ஆடையை எடுத்துவிடுங்கள். பிறகு ஒரு அடி உயரத்திலிருந்து பால் முழுவதையும் ஒரே மூச்சில் ஊற்றுங்கள். விழும் வேகமே கலக்கிவிடும். கரண்டி போடக் கூடாது.

நான் கரண்டி போட்டேன். "சரியாகக் கலந்ததோ இல்லையோ" என்ற சந்தேகத்தில் ஒரே ஒரு சுற்று. பால் அந்தக் கணத்தில்தான் பிடிக்கத் தொடங்கியிருந்தது; கரண்டி போன தடமெல்லாம் மணல்மணலாக உடைந்து, சுற்றிலும் மஞ்சள் நீர் கசிந்தது. அடுத்த முறை கரண்டியை எட்டாத இடத்தில் வைத்துவிட்டு, மூடிக்கு அடியில் ஒரு துணியைக் கட்டி மூடினேன். துணி எதற்கென்றால், மூடியில் வியர்க்கும் நீர் சொட்டினால் மேற்பரப்பில் பள்ளம் பள்ளமாக விழும். அரை மணி நேரம் தொடாமல், நகர்த்தாமல், திறந்து பார்க்காமல் இருந்தேன். சமையலில் சும்மா இருப்பது எவ்வளவு கடினம் என்று அன்றுதான் தெரிந்தது. அரை மணிக்குப் பிறகும் ஆட்டினால் அலையடிக்கிறது என்றால், பால் ஆறிப்போய் ஊற்றியிருப்பீர்கள் அல்லது நீர்த்திருக்கும். ஜிடிஎல் போட்டிருந்தால் பாத்திரத்தோடு மெல்லிய ஆவியில் பத்து நிமிடம் வைத்துப் பாருங்கள்; பல நேரம் பிழைத்துக்கொள்ளும்.

உறையவில்லை என்ற பயத்தில் கடற்பாசியோ ஜெலட்டினோ சேர்க்கும் குறுக்குவழியும் உண்டு. அது கத்திக்குத் துண்டு துண்டாக நிற்கும் ஜெல்லி. தாஹோ கரண்டியில் தளர்ந்து படிய வேண்டும், நாக்கில் பட்டதும் கலைய வேண்டும். கடற்பாசி சேர்த்தால் அந்தத் தளர்ச்சி போய்விடும்.

சாகோவுக்கு வருவோம். பெயர் சாகோ பனையிலிருந்து வந்தாலும், இன்று குவளையில் விழுவது பெரும்பாலும் மரவள்ளி மாவு உருண்டைதான். சேலத்து ஜவ்வரிசியும் அதே கிழங்கிலிருந்து வருவதுதான். அதனால் நம் ஜவ்வரிசி தாராளமாகப் பொருந்தும். நம் பழக்கந்தான் பொருந்தாது. ஊறவைத்து, அளவாக நீர் விட்டுக் குழைய வேகவைப்பது பாயசத்துக்குச் சரி. அங்கே கஞ்சித்தன்மை ஒரு ருசி. இங்கே முத்து ஒவ்வொன்றும் தனியாக, கண்ணாடியாக நிற்க வேண்டும். பச்சைத் தண்ணீரில் போட்டாலே அது கரையத் தொடங்கிவிடும். பத்து மடங்கு தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகு போடுங்கள். நடுவில் கடுகளவு வெள்ளை மிச்சமிருக்கும்போதே அடுப்பை அணைத்து மூடிவையுங்கள். அந்தப் புள்ளி மூடிய சூட்டில் மறையும். குளிர்ந்த நீரில் அலசி, உடனே கொஞ்சம் பாகில் போட்டுவிடுங்கள், ஒட்டாது. முந்தின நாளே செய்து ஃபிரிட்ஜில் வைப்பது வீண் வேலை. காலையில் உள்ளே இறுகி மாவு தட்டும்.

பாகு எளிது, அதனால்தான் அலட்சியம் செய்கிறோம். வெள்ளைச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் வெறும் தித்திப்பு. அர்னிபாலுக்குப் பழுப்புச் சர்க்கரை வேண்டும். கரும்புக்குப் பெயர்போன நீக்ரோஸ் தீவின் மஸ்கொவாடோ என்னும் சுத்திகரிக்காத சர்க்கரை கிடைத்தால் இன்னும் உயர்வு. நம்மூரில் நாட்டுச் சர்க்கரை நெருங்கி வரும். மண்டை வெல்லத்துக்குச் சொந்த வாசம் அதிகம், குவளை முழுவதையும் பாயசமாக்கிவிடும் என்பது என் கட்சி. ஒரு கப் சர்க்கரையைக் கனமான சட்டியில் போட்டு, ஓரங்கள் உருகித் தேன் நிறமாகும்வரை சிறு தீயில் விடுங்கள். புகை கிளம்பும் முன் ஒரு கப் வெந்நீரைத் தள்ளி நின்று ஊற்றுங்கள். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் கையில் தெறிக்கும். ரம்பை இலை ஒரு முடிச்சு போடலாம். கம்பிப் பதத்துக்குக் காத்திருந்தால் கெட்டது. அது ஆறியதும் டோஃபுவின் மேல் மிட்டாயாகக் கட்டிக்கொள்ளும். சூட்டில் நீர்த்தாற்போல் தெரியும்போதே இறக்கினால், ஆறும்போது சரியான கெட்டிக்கு வந்து நிற்கும். வெனிலா சேர்ப்பதானால் இறக்கிய பிறகுதான்.

கடைசியாக, பரிமாறும் கை. ஆழமான குழம்புக் கரண்டியை உள்ளே முக்கி அள்ளினால் எல்லாம் பொலபொலவென்று உடையும், உடைந்த இடமெல்லாம் நீர் விடும், அந்த நீர் பாகை நீர்க்கச் செய்யும். மக்தாதாஹோ மேல்நீரை வழித்து வீசியது இதற்காகத்தான். தட்டைக் கரண்டி இல்லையென்றால் ஆழமில்லாத அகலக் கரண்டியால், மேலிருந்து கிடையாகச் சீவி எடுங்கள். சூடாக இருக்கும்போதே குவளை கைமாறிவிட வேண்டும்.

பகியோ மலைநகரில் அர்னிபாலுக்குப் பதிலாக ஸ்ட்ராபெர்ரிப் பாகு ஊற்றித் தருவார்கள். பக்கத்து லா திரினிதாத்தில் விளையும் பழம். அதை வீட்டில் முயல்பவர்கள் நிறத்துக்கு ஆசைப்பட்டுப் பழக்கூழைச் சூடான சோயா பாலிலேயே கலந்துவிடுகிறார்கள். பழத்தின் புளிப்பு போதும், பால் அங்கேயே திரிந்துவிடும். வெள்ளை டோஃபு உறைந்து, சீவி, குவளையில் விழுந்த பிறகு மேலே ஊற்றுங்கள்.