கொடைக்கானல் படங்களைப் பகிரும் முன்

கொடைக்கானலில் தூண் பாறையைப் படம் எடுக்க விரும்புவோர் காலையிலேயே அங்கு சென்றுவிடுவது நல்லது. நேரம் ஆக ஆகப் பள்ளத்தாக்கிலிருந்து மேலேறும் மூடுபனி பாறைகளை முழுவதுமாக மறைத்துவிடுவது அங்கு வழக்கம். மூடுபனியும் படத்தில் இடம்பெற வேண்டுமென்றால், அதன் வெண்மையால் கைபேசிக் கேமரா தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துப் படத்தைச் சாம்பல் நிறமாக்கிவிடும் என்பதால், திரையில் பாறையைத் தொட்டு, வெளிச்சத்தைச் சற்றே கூட்டிய பின் எடுக்க வேண்டும்.

பலரின் படங்கள் கெட்டுப்போவது அனுப்பும்போதுதான். வாட்ஸ்அப்பில் வழக்கம்போல் அனுப்பினால் படம் சுருக்கப்பட்டு, தொலைவிலுள்ள சோலைக்காட்டு மரங்கள் ஒரே பச்சைத் திட்டாகிவிடும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் எடுத்த தரத்திலேயே சென்று சேரும். ஆனால், கேமராவில் இருப்பிடப் பதிவு இயங்கிக்கொண்டிருந்தால் எடுத்த இடத்தின் விவரமும் அதனுடனேயே போகும் என்பதால், வீட்டு வாசலில் எடுத்த படங்களை அறிமுகமில்லாதவர்களுக்கு இவ்வழியில் அனுப்பாதிருப்பது நலம்.

படத்தின் கீழே ‘அழகிய காலை’ என்று மட்டும் எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. இடம், மாதம், ஆண்டு, எத்திசை நோக்கி எடுத்தது, உடன் இருந்தவர் யார் என்பவையே பிற்காலத்தில் பயன்படும். 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2006இலும் 2018இலும் பூத்த சரிவுகளின் படங்களை, ஆண்டு குறிக்கப்பட்டிருந்தால்தான் 2030இல் எடுக்கப்போகும் படங்களுடன் ஒப்பிட இயலும். பழைய அச்சுப் படங்களாயின், இவ்விவரங்களைப் பின்புறத்தில் மென்மையான பென்சிலால் எழுதலாம். பால்பாயிண்ட் பேனாவின் அழுத்தம் முன்பக்கத்தில் தடமாகத் தெரியும்.